நீச்சல்குளத்துக்கு மயில்துத்தம்

எங்கள் வீட்டின் பின்புறம் நீச்சல்குளம் இருக்கிறது என்று சொன்னால், கேட்பவர் முதலில் என் வேட்டியைப் பார்ப்பார். அடுத்து என் கால்களைப் பார்ப்பார். மிளகு பறிக்க ஏணியில் ஏறி இறங்கியே காய்த்துப்போன கால்கள் அவை. அவற்றுக்கும் நீச்சலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும். "லாட்ஜு கட்டறீங்களா?" என்பார். இல்லை என்பேன். "அப்புறம் எதுக்குங்க?" என்பார். அந்தக் கேள்வியில் கலந்திருக்கும் இரக்கத்தைப் போல எனக்குச் சினமூட்டுவது வேறொன்றில்லை. கொல்லிமலையில் இன்று சனி ஞாயிறுகளில் சமவெளிக்காரர்கள் வந்து கூத்தடிப்பதற்கென்றே எத்தனையோ குளங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றை எவரும் ஏன் என்று கேட்பதில்லை. மலைக்காரன் ஒருவன் தன் மனைவிக்காக ஒன்று கட்டினால் மட்டும், அவனுக்கு மூளை கலங்கிவிட்டதா என்று பார்த்துப் போகக் கடைத்தெரு இருக்கும் செம்மேட்டிலிருந்து ஆள் கிளம்பி வருகிறது.

ஆகவே காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் இரு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. மேட்டுத் தோட்டத்துக்கு என்னை முந்திக்கொண்டு ஏறியவள், அடுக்களையிலிருந்து வாசலுக்கு வரவே சுவரைப் பிடித்துக்கொள்ளலானாள். அடிவாரத்து ஊரில் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அவர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒன்று அறுவை சிகிச்சை, இல்லையென்றால் நெஞ்சளவு தண்ணீரில் நாள்தோறும் நடக்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டு, "ஆனா உங்க மலையில அதுக்கு எங்கம்மா போவீங்க? ஓடையில எறங்குவீங்களா?" என்று சிரித்தார். மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த பெண்ணும் சிரித்தாள்.

"அறுக்கறதுக்கு நான் என்ன பலாப்பழமா?" என்று சொல்லிவிட்டு என் மனைவி எழுந்துகொண்டாள். என் தோளைப் பற்றியவாறு அவள் அந்த அறையைக் கடப்பதற்குள் மருத்துவர் அடுத்த நோயாளியை அழைத்துவிட்டார். குளம் கட்டுவது என்று நான் தீர்மானித்தது அந்த அறையின் வாசற்படியில்தான். அவள் சுவரைப் பிடிக்காமல் நடக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றே.

குளம் கட்டித் தர வந்த ஒப்பந்தக்காரர் கறுப்புக் கண்ணாடி அணிந்த இளைஞர். சிமென்டு வேலையில் குறை சொல்வதற்கில்லை. பின்கட்டின் மேட்டை வெட்டி, மாட்டுத்தொழுவம் அகலத்துக்கு ஒரு குளம் எடுத்து, வெள்ளை ஓடு பதித்து, என் சொற்படி ஒரு பக்கச் சுவரோடு கைப்பிடிக் கம்பியும் வைத்தார். அவருடைய அறிவு அந்த ஓடுகளோடு முடிந்துவிட்டது என்பதை நான் அப்போது உணரவில்லை. வேலை முடிந்த நாளில் குளோரின் வில்லைகள் அடங்கிய ஒரு வாளியையும், நீரைச் சோதிக்க இரண்டு கண்ணாடிக் குப்பிகள் கொண்ட ஒரு சின்னப் பெட்டியையும் என் கையில் கொடுத்தார். "இதுல மஞ்சள் வரணும், அதுல லேசா ரோஸ் வரணும். அவ்வளவுதான் சார், சிம்பிள்" என்றார். சிம்பிள் என்ற சொல்லை வாயில் வைத்திருப்பவரை வீட்டுக்குள் விடலாகாது என்று அன்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

குளத்துக்கு நீர் எங்கள் நிலத்தின் தலைமாட்டில் பாறையிடுக்கிலிருந்து வரும் ஊற்றுநீர். குழாய் போட்டு இறக்கினோம். ஒப்பந்தக்காரர் ஒரு கை ஏந்திக் குடித்துவிட்டு, "மினரல் வாட்டர் தோத்துடும் சார்" என்று பாராட்டினார். மினரல் என்பது அந்த நீரில் அறவே இல்லை. பின்னால் விளைந்த தொல்லைக்கெல்லாம் மூலம் அதுதான். ஆனால் பாராட்டு என்பது எவ்வளவு மடத்தனமாக இருந்தாலும் கேட்பவனுக்கு இனிக்கத்தான் செய்கிறது. நானும் இன்னொரு குவளை மொண்டு கொடுத்தேன்.

முதல் நாள் என் மனைவி நைட்டியின் மேல் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு படியிறங்கினாள். மலையின் காலைக் குளிர். மேலே மூட்டம் விலகவில்லை.

"ஏனுங்க, இது குளமா, ஐஸ்பெட்டியா?"

"நடந்தா சூடாயிரும்."

"நீங்க எறங்கிச் சொல்லுங்க அதை."

எனக்கு நீந்தத் தெரியாது; இறங்கும் உத்தேசமும் இல்லை. கரையில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தேன். அவள் கம்பியைப் பற்றிக்கொண்டு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். ஏறும் முன் மும்முறை தலை முழுகினாள். தலை நனையாமல் நீரை விட்டு ஏறுவது எங்கள் பெண்களுக்குப் பழக்கமில்லை. இதை வாசிப்பவர் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மழை தொடங்கியதும் குளம் பச்சையாயிற்று. சில்வர் ஓக் மரத்தின் சருகுகள் விழுந்து, மூட்டத்தில் வெயில் இன்றி, ஓடுகளின் மேல் வழவழவென்று பாசி படர்ந்தது. முழங்கால் பலமில்லாதவள் வழுக்கும் தரையில் கால் வைப்பதாவது! ஒப்பந்தக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். "குளோரின் போடுங்க சார்" என்றார். போட்டேன். பாசி சற்று ஒதுங்கியது. ஆனால் அவளுக்குக் கண் எரிந்தது. அழைத்தேன். "குளோரின் பத்தலை சார், அதான் கண் எரியுது" என்றார். போட்டேன். ரோஸ் நிறம் வர வேண்டிய குப்பியில் வெளிறிய மஞ்சள் வந்தது. அதையும் தெரிவித்தேன். அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னதை நான் இங்கே திரும்ப எழுதவேண்டியதில்லை.

இதற்குள் என் குளம் ஒரு தலமாகிவிட்டிருந்தது. எங்கள் மலையைச் சேர்ந்த வாழவந்தி நாட்டிலிருந்து உறவினர் வந்தார்கள். பைல் நாட்டிலிருந்து உறவினரின் உறவினர் வந்தார்கள். ஒவ்வொருவரும் கரையில் நின்று, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, நீரை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பிறகு ஒரே மருந்தைச் சொன்னார்கள்: மயில்துத்தம் என்னும் நீலச் செம்பு உப்பு. மழைக்காலத்தில் மிளகுக்கொடி வாடல் நோயில் விழாதிருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து வேரில் ஊற்றுவது எங்கள் வழக்கம். எங்கள் மலையில் எந்தப் பொருளுக்கு எந்த நோய் வந்தாலும் அது மிளகுக்கொடியாகவே கருதப்படும். மாட்டுக்கும் மனிதனுக்கும் மட்டும், பெரிய மனம் பண்ணி, விலக்கு அளித்திருக்கிறார்கள்.

என் மச்சினன், மனைவியின் தம்பி, இதில் தலைமை மருத்துவன். எதைப் பற்றியும் அறியாமலே எல்லாவற்றைப் பற்றியும் முடிவாகப் பேசும் வரம் பெற்றவன்.

"பாசிதானுங்க மாமா? துத்தம் போட்டா பஸ்பம்."

"இது கொடி இல்லை மாப்பிள்ளை. உங்கக்கா எறங்கற தண்ணி."

"அக்காவுக்கும் பூச்சி புடிக்காம இருக்குமில்லீங்க?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாளே இரண்டு கைப்பிடி மயில்துத்தத்தைப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, குளத்தைச் சுற்றி நடந்து ஊற்றினேன். சுண்ணாம்பு சேர்த்தால் நீர் கலங்கும் என்று விட்டுவிட்டேன். கொடிக்குக் கலக்கும்போது துத்தம் மிகுந்திருக்கிறதா என்று அறிய, நன்றாகத் தீட்டிய அரிவாளை அதில் முக்கிப் பார்ப்போம். இரும்பின் மேல் செம்பு சிவப்பாகப் படிந்தால் துத்தம் அதிகம் என்று பொருள். அந்தச் சோதனையையும் செய்தோம். மச்சினன் அரிவாளைக் குளத்தில் முக்கினான். எல்லாரும் குனிந்து பார்த்தோம். அலகு பளபளவென்றிருந்தது. நீர் சுத்தம் என்று தீர்ப்பாயிற்று. கொடிக்கு ஊற்றும் கரைசலைக் கண்டு பழகிய அரிவாளுக்குக் குளத்தில் கலந்த அந்தச் சிறு அளவு கண்ணுக்கே தெரியாது என்பதை நினைத்துப் பார்க்க அங்கே ஒரு தலை கூட இல்லை. எத்தனை தலைகள் குனிந்திருந்தன!

பாசி செத்தது. அதில் ஐயமில்லை. நீர் மயிற்கழுத்து நிறத்தில் அடிவரை தெளிந்து நின்றது. சுற்றுலா வந்த ஒரு குடும்பம் வேலி ஓரம் காரை நிறுத்தி, "அங்கிள், ஒரு மணி நேரத்துக்கு என்ன ரேட்?" என்று கேட்கும் அளவுக்கு அழகாக இருந்தது. அவர்களை அனுப்பிவிட்டு, மறுவாரம் மேலும் ஒரு கைப்பிடி போட்டேன்.

என் மனைவி நாள்தோறும் நடந்தாள். ஒரு நாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருக்கையில், அடுக்களையிலிருந்து காபியோடு வாசலுக்கு வந்தாள். ஒரு கையில் டம்ளர். மறு கையில் காபி ஆற்றும் வட்டா. இரண்டு கையும் நிறைந்திருந்தால் சுவரை எதனால் பிடித்திருப்பாள் என்று எனக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. "ஆறிப்போயிரும், குடிங்க" என்றாள்.

அந்த வாரமே உறவில் ஒரு கல்யாணம். என் மனைவி பட்டுச்சேலை உடுத்திப் போய், பந்தி முடியும் முன்பே திரும்பிவந்தாள். வந்ததும் நிலைக்கண்ணாடியின் முன் நின்று கொண்டையை அவிழ்த்தாள்.

"ஏனுங்க, இங்க வந்து என் தலையப் பாருங்க."

பார்த்தேன். தும்பைப்பூவாய் நரைத்திருந்த தலைமுடி, காது ஓரத்திலும் நெற்றி வகிட்டிலும் இளம்பச்சையாகியிருந்தது. நாள்தோறும் பார்க்கும் என் கண் அதைப் பார்க்கவில்லை. மண்டபத்து டியூப்லைட்டில் ஊரே பார்த்துவிட்டது.

"பந்தியில என் பக்கத்துல உக்காந்தவ கேக்கறா, 'ஏக்கா, தலையில கீரை போட்டிருக்கியா'ன்னு. அந்தப் பக்கம் இருந்தவ சொல்றா, 'வெள்ளாமை நல்லா வந்திருக்கு, அடுத்த மாசம் அறுத்துரலாம்'னு. எலையில போட்ட சோத்தை எப்படித் திங்கறது நான்?"

மச்சினன் ஆறுதல் சொல்ல வந்தான். "டை அடிச்சுக்கக்கா. கறுப்பா அடிச்சா ஒண்ணும் தெரியாது."

"உன் மூளைக்கு அடிச்சுக்கோ. அதுதான் வெளுத்துக் கெடக்குது" என்றாள் அவள். இந்த விவகாரம் முழுவதிலும் எவரும் சொன்ன அறிவார்ந்த சொல் அது ஒன்றுதான்.

அன்று முதல் அவள் குளத்தில் இறங்கவில்லை. நான் கெஞ்சினேன் என்று சொல்ல மாட்டேன், வற்புறுத்தினேன். "முழங்காலைச் சேலை மறைச்சுக்கும். தலையை எது மறைக்கும்?" என்று கேட்டாள். பத்துப் பதினைந்து நாட்களில் அவள் கை மறுபடியும் சுவருக்குப் போயிற்று. காபி ஒரு கையில் மட்டும் வந்தது.

ஒப்பந்தக்காரரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு, நீரின் புளிப்பு, அதாவது அமிலம், அதிகமாகிவிட்டது, சலவைச் சோடாவைப் போடுங்கள் என்றார். அவர் வாயிலிருந்து குளோரின் தவிர வேறொரு சொல் வந்த அதிசயத்தில் மயங்கி, எவ்வளவு என்று கேட்டேன். "ஒரு அஞ்சாறு கிலோ தட்டிவிடுங்க சார்." தட்டிவிட்டேன். அடுத்த நாள் விடிந்து பார்த்தால், மயில்துத்தம் முழுவதும் திரண்டு, குளம் நீலப் பால் காய்ச்சி ஊற்றியதுபோல் கிடந்தது. வெள்ளை ஓடுகளின் இணைப்புக் கோடெல்லாம் நீலக் கறை. அவரை நான் அதன்பின் அழைக்கவில்லை. நாகரிகமான தமிழில் அவரிடம் பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

நான் பள்ளியில் கற்றது சொற்பம். மற்றதெல்லாம் கிடைத்த தாளைக் கிடைத்த வெளிச்சத்தில் படித்துக்கொண்டது. அந்தப் பழக்கத்தை நம்பி, பல நிறக் கட்டங்கள் கொண்ட சோதனைத் தாள்களைத் தபாலில் வரவழைத்தேன். கூடவே விளக்கக் கையேடு ஒன்று வந்தது. தமிழில் என்று அட்டை சொல்லியது. உள்ளே, "உங்கள் குளத்துக்கு வாரம் ஒருமுறை அதிர்ச்சி கொடுங்கள்" என்றிருந்தது. குளோரினை ஒரே தடவையில் மிகுதியாகப் போடுவதை ஆங்கிலத்தில் ஷாக் என்பார்கள் என்று பின்னால் தெரிந்தது. அந்த மொழிபெயர்ப்பாளருக்கு வாரம் ஒருமுறை கொடுக்கலாம் என்று தோன்றியது. ஆங்கிலப் பக்கங்களையே அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். மெதுவாகப் போயிற்று. ஆயினும் போயிற்று.

தாளில் ஒரு கட்டம் நீரின் காரத்தன்மையைக் காட்டுவது. எங்கள் குளத்தில் முக்கியபோது நீலம் கலங்கிய நீரால் எதையும் முடிவு செய்ய முடியாத ஒரு நிறம் வந்தது. ஊற்றுநீரில் முக்கியபோது நிறமே மாறவில்லை. அங்கே எனக்குப் பிடிபட்டது. புளிப்பையோ காரத்தையோ எதிர்த்து நின்று தாங்கும் உப்பு ஒன்று நீருக்கு வேண்டும். எங்கள் ஊற்றில் அது இல்லை. கடைசியாகப் பேசியவன் பக்கம் சாய்ந்துவிடுகிற ஆள் ஒருவனை எல்லாக் குடும்பத்திலும் பார்த்திருப்பீர்கள். என் மச்சினனைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. எங்கள் நீர் அப்படிப்பட்டது. புளிப்பான குளோரின் வில்லை விழுந்தால் ஒரேயடியாகப் புளிக்கும். சோடா விழுந்தால் ஒரேயடியாக மறுபக்கம் பாயும். கண் எரிந்தது குளோரின் போதாமல் அல்ல, புளிப்பால். மயில்துத்தத்தைக் கரைத்து வைத்து முடியில் ஏற்றியதும் அந்தப் புளிப்பே. இதில் எந்த ஒன்றையும் ஒப்பந்தக்காரர் அறியார். அறியாமையைக் கறுப்புக் கண்ணாடிக்குள் வைத்துக்கொண்டு மலை மலையாகக் குளம் கட்டிவருகிறார்.

துத்தம் ஏறிய நீரைச் சரிக்கட்ட வேண்டாம், முழுவதும் இறைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஓடைப்பக்கம் விட்டால் கீழூர்க்காரர்கள் குடிக்கும் நீரில் கலக்கும்; ஆகவே ஆளை வைத்துப் பாறைப்புறத்துப் பொட்டலில் சிறிது சிறிதாக வடித்தேன். ஓட்டுக் கறையைத் தேய்க்க நாட்கள் ஆயின. பிறகு புதிய ஊற்றுநீர். நீருக்குத் தாங்கும் உப்பைத் தரக்கூடியது சமையலில் போடும் ஆப்பசோடாதான் என்று கையேடு சொல்லியது. செம்மேட்டு மளிகைக் கடையில் இரண்டரைக் கிலோ கேட்டேன்.

கடைக்காரர் பொட்டலம் கட்டும் கையை நிறுத்தினார். "கெராமா, கிலோவா?"

"கிலோ."

"ஊருக்கே ஆப்பமுங்களா?"

"குளத்துக்கு."

பின்னால் நின்றிருந்த பெண்மணி, "அந்த ஊடுதானுங்க, கீரைத்தலை ஊடு" என்று அவருக்கு எடுத்துக்கொடுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொள்ளும் சிரமத்தைக் கூட அவள் மேற்கொள்ளவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆப்பசோடாவை ஒரே நாளில் தட்டிவிடவில்லை. வாளியில் கரைத்து, ஒரு பங்கு ஊற்றி, ஒரு நாள் ஓடவிட்டு, தாளை முக்கிப் பார்த்து, மறு பங்கு ஊற்றினேன். வில்லையைக் குறைத்தேன். தாளின் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் தத்தம் நிறத்துக்கு வந்து நின்றன. ஒரு கனமழைக்குப் பின்பும் நகரவில்லை. நீர் இப்போது சாதாரண நீரின் நிறத்தில் இருந்தது. வேலி ஓரம் எவரும் காரை நிறுத்தவில்லை. பெருமகிழ்ச்சி எய்தினேன்.

மனைவியிடம் போய், குளம் தயார் என்றேன்.

"யாரு தலைக்கு?" என்றாள்.

"சோதிச்சுப் பார்த்துட்டேன். துத்தம் துளி இல்லை."

"அருவாளை முக்கிப் பாத்தீங்களா?"

நான் நீட்டிய தாளை அவள் வாங்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க மீசையும் வெள்ளைதானுங்களே. ஒரு மாசம் முக்குங்க. அது பச்சையாகலைன்னா நான் வாரேன்."

அவ்விதமாக, தன் ஆயுளில் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் நில்லாத ஒரு மனிதன் நாள்தோறும் காலையில் கோவணத்தோடு நெஞ்சளவு குளிர்நீரில் இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தை முக்க நேர்ந்தது. மச்சினன் இதைக் காண்பதற்கென்றே பைல் நாட்டு உறவினர்களைக் கூட்டிவந்தான். "மாமா, எருமை எறங்குனாலும் ஏறும்போது தண்ணி குறையாது. நீங்க ஏறுனா பாதிக் குளம் காணமே" என்றான். அவன் அறிவியல் எப்போதும் அப்படித்தான். என் மனைவி வாசலில் அமர்ந்து, நான் துவட்டிக்கொண்டு வந்ததும் மூக்குக்கண்ணாடியை மாட்டி, வெயிலுக்கு நேரே என் முகவாயைத் திருப்பி, மீசையை இழை இழையாகப் பிரித்துப் பார்த்தாள். அந்த எலும்பு மருத்துவர் கூட அவள் காலை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்பாள். அதன்பின் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவாள்.

மாதம் முடிந்ததா என்று நான் எண்ணவில்லை. ஒரு நாள் காலை, நான் முகத்தை முக்கி எடுத்துக் கண்ணைத் துடைத்தபோது அவள் படியில் நின்றிருந்தாள். நைட்டியின் மேல் துண்டு. தலையில் மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு பிளாஸ்டிக் பை. எனக்குச் சிரிப்பு வந்தது, வெளியே விடவில்லை. இறங்கினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனாள், வந்தாள். அடுத்த வாரம் பிளாஸ்டிக் பை இல்லை. அதற்கும் சில வாரங்கள் கழித்து தலை முழுகவும் தொடங்கினாள். அவளுக்குத் துணையாக நானும் நீரிலேயே நின்றேன். கரையில் நாற்காலியிட்டு அமர்ந்துகொள்ளும் உரிமை எனக்கு எப்போது பறிபோயிற்று என்று தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் துணிவும் இல்லை.

இந்த மழைக்காலத்தின் நடுவில் ஒரு காலை. மூட்டத்தில் எதிர்க் கரை மங்கலாகத் தெரிந்தது. அவள் வழக்கம்போல் கம்பியோரமாக எதிர்க் கோடிக்குப் போனாள். திரும்புகையில் கம்பியை விட்டு விலகிக் குளத்தின் நடுவே வந்தாள். இரண்டு கைகளும் நீருக்கு மேல் விரிந்திருந்தன, எதையும் பிடித்திருக்கவில்லை. கால் பாவுகிறதா என்று ஒவ்வொரு எட்டுக்கும் தரையை விசாரித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி என்னை நோக்கி வந்தாள். நான் அசையாமல் நின்றேன். கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, நடுவுல பாறையாட்டம் நின்னா நான் எப்படிப் போறது? ஓரமாப் போங்க."

நான் ஓரமாக நகர்ந்து, அவள் விட்ட கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.